முத்தையா கடை வோட்டு

பதுளை, கடைவீதி
1924, சித்திரை 22

மாப்பிள்ளை பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு மச்சான் வைரவநாதன் எழுதிக்கொண்டது. முருகன் தயவில் நானும் என் மூட்டுவலியும் கடையும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கை வடிவம்மாளும் பிள்ளைகளும் சுகம்தானே? என் வீட்டுக்காரி பரிமளத்தின் பல்வலி எப்படி இருக்கிறது? அவளைக் கேட்டால் எழுதமாட்டாள், ஆகவே உங்களைக் கேட்கிறேன்.

ரயில் பண்டாரவளையோடு நிற்காமல் இப்போது பதுளைக்கே வருகிறது. கருவாடு கெடாமல் வந்து சேர்கிறது. அதே வண்டியில் ஒரு கூத்தும் வந்து இறங்கியிருக்கிறது. இலங்கையில் பிழைக்க வந்த நம்மவர்களும் சட்டசபைக்கு ஆள் அனுப்பலாமாம். நமக்கென்று தனி வோட்டாம். எழுதப் படிக்கத் தெரிந்து, வெளியில் சொல்லும்படி ஒரு வருமானமும் இருந்தால் போதும். மூளையைப் பற்றி விசாரணை கிடையாது. ஆகையால் கடைவீதியில் அநேகமாக எல்லாரும் தேறிவிட்டோம்.

சர்க்கார் கச்சேரி குமாஸ்தா வோட்டுப் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்தார். "பேரு சொல்லுங்க மொதலாளி" என்றார். கேட்டவுடன் என் வாய் சொன்னது: "முத்தையா."

உங்களுக்குச் சிரிப்பு வரும். கடையைத் திறந்த என் அப்பா, உங்கள் மாமனார், போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பதுளையில் இந்தக் கல்லாவில் உட்காருகிறவன் முத்தையா. மூன்று வருஷம் நான் முத்தையா. நான் ஊருக்குப் போனால் மூன்று வருஷம் நீங்கள் முத்தையா. வாடகைப் பத்திரம், லைசென்ஸ், பாங்கிக் கையெழுத்து எல்லாம் அவர்தான். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். குமாஸ்தாவும் எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது செத்தவருக்கு வோட்டு, இருக்கிறவனுக்கு மூட்டுவலி.

போகட்டும். வோட்டு என்ன, விலைபோகிற சரக்கா? உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மச்சான் வைரவநாதன்


நெடுவயல்
வைகாசி 18

மச்சான் வைரவநாதன் அவர்களுக்கு பாலசுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பரிமளம் அக்காவின் பல்லை ஆசாரி பிடுங்கிவிட்டார். வலி போய்விட்டது, கோபம் போகவில்லை. கோபம் ஆசாரி மேல் அல்ல என்று வடிவம்மாள் சொல்கிறாள்.

தங்கள் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். போன வருஷம் இங்கே சென்னை சட்டசபைக்கு எலெக்‌ஷன் நடந்ததே, அப்போது நம் கிராம முன்சீப் என்ன செய்தார் தெரியுமா? நம் இருவர் பெயரையும் எழுதாமல் விட்டார். "ஏன் முன்சீப், நாங்க நெலத்துக்குக் கிஸ்தி கட்டலையா?" என்று கேட்டேன். "நீங்க கொழும்புக்காரங்கப்பா. ஒங்க வோட்டை அங்க போய்க் கேளுங்க" என்றார். பதுளை வேறு, கொழும்பு வேறு என்று இந்த ஜென்மத்தில் அவருக்குப் புரியவைக்க முடியாது. இரண்டு ஏக்கர் கரம்புக்குச் சொந்தக்காரர், சீமையிலிருந்து நேரே இறங்கினவர் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இவர் எழுதும் பெயர்ப்பட்டியலில் இடம் இல்லை என்பது கௌரவம்தான்.

முத்தையா என்று எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். அதில் கை வைக்கவேண்டாம்.

அந்த வோட்டு எந்த மாதத்தில் என்று எழுதவில்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பாலசுப்பிரமணியம்


பதுளை
ஆனி 9

மாப்பிள்ளைக்கு வைரவநாதன். மழை விடாமல் பெய்கிறது, சளி பிடித்திருக்கிறது, மற்றபடி உயிரோடு இருக்கிறேன். அங்கே எல்லாரும் நலம் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

நேற்று நம் கடைக்கு வேட்பாளர் வந்தார். கொழும்பு பாரிஸ்டர். லுணுகலைப் பெரிய கங்காணி வீரய்யா அழைத்துவந்தார். வீரய்யாவை நினைவிருக்கிறதா? அரைச் சாண் வேட்டியோடு தோட்டத்துக்கு வந்தவர். இப்போது கோட்டு, தலைப்பாகை, கடிகாரச் சங்கிலி. கடிகாரம் ஓடவில்லை, சங்கிலி மட்டும் நன்றாக ஆடுகிறது.

"இவுருதாங்க முத்தையா மொதலாளி. இவுரு ஒரு வார்த்தை சொன்னா பஜாரே கேக்கும்" என்றார் கங்காணி. நான் சொன்னால் என் கடைப் பூனையே கேட்காது. பாரிஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ்டர் முத்தையா, இந்திய ஜனசமூகமே உங்களை நம்பி இருக்கிறது" என்றார். அப்போது நான் அந்த ஜனசமூகத்துக்குக் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். குலுக்கின கையை அவர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார்.

கம்பளி விலை கேட்டு நின்றிருந்தாள் ரெங்கம்மா, வீரய்யாவின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். "ஏங்க கங்காணி, இந்த வோட்டு எங்களுக்கும் உண்டுங்களா?" என்றாள்.

"ஒனக்கெதுக்குடி? நான் போட்டா நீ போட்டாப்புலதான்."

"அப்ப நீங்க தின்னா எனக்குப் பசி ஆறிருமுங்களா?"

பாரிஸ்டர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். இந்த மனிதரைச் சட்டசபைக்கு அனுப்பத்தான் நாங்கள் பெயர் கொடுத்திருக்கிறோம்.

இது நிற்க. ஒரு விஷயம். நீங்கள் சிரிக்கலாம்.

பட்டியலில் என் சொந்தப் பெயரைப் போடச்சொல்லிக் கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா கேட்டார்: "வைரவநாதனா? அது யாரு?" அவர் வீட்டுக்கு அரிசி போட்டு, அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன் நான். பதுளையில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. ஊருக்கு வந்தால் உங்களுக்கு மச்சான், தங்கைக்கு அண்ணன், முன்சீப்புக்குக் கொழும்புக்காரன். பரிமளம் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அப்பா ஆசையாக வைத்த பெயர், பெட்டியில் பூட்டிய பட்டுச்சட்டை மாதிரி ஒருநாளும் வெளியே வராமல் இற்றுப்போகிறது. எவனோ ஒரு பாரிஸ்டருக்காக இல்லை. ஒரு தடவை, ஒரு சர்க்கார் மேஜைமுன் நின்று, "நான் வைரவநாதன்" என்று சொல்லி ஒரு காரியம் செய்யவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கடைப் பத்திரம் என் பெயரில் இருந்தால் பட்டியலை மாற்றலாமாம். அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், ஆவணியில் என்னை மாற்ற வருகிறவர் ஒரு மாதம் தாமதித்து வாருங்கள். வோட்டு புரட்டாசிக் கடைசியில். முத்தையாவாகவாவது போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வைரவநாதன்


நெடுவயல்
ஆனி 27

மச்சான் அவர்களுக்கு. சுகம். தங்கள் சளிக்குத் தூதுவளைப் பொடி அனுப்பியிருக்கிறேன்.

பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றினால், ஆவணியில் பதுளையில் வந்து இறங்குகிற நான் யார்? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வழிப்போக்கனா? பாங்கியில் என் கையெழுத்தை எவன் மதிப்பான்? முத்தையா இருக்கிறவரைக்கும்தான் நமக்கு இரண்டு பேருக்கும் சோறு. இதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தாமதிக்கவும் முடியாது. நாள் பார்த்தாகிவிட்டது, ஆவணி பிறந்ததும் புறப்படுகிறேன். வோட்டு எனக்குத் தூசி. ஆனால் முறை என்றால் முறை.

பாலசுப்பிரமணியம்


நெடுவயல்
ஆடி 14

பரிமளம் எழுதிக்கொண்டது. உங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது? எனக்குப் பல் ஒன்று குறைந்தது தவிரக் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கு எழுதிக் காகிதத்தைப் பாழாக்குவதில்லை என்றிருந்தேன். வடிவுதான் எழுதச் சொன்னாள்.

உங்கள் மாப்பிள்ளை தினமும் விளக்கு வைத்ததும் பலகையில் உட்கார்ந்து "முத்தையா, முத்தையா" என்று கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார். ஏற்கெனவே அந்தக் கையெழுத்துப் போட்டுக் கடை நடத்தினவர்தானே, இப்போது எதற்குப் பழக்கம் என்று வடிவு கேட்டாள். "துரைமார் முன்னாடி கை நடுங்கக்கூடாது" என்கிறாராம். கண்ணாடி முன் நின்று, உங்களைப் போலவே வெற்றிலையை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசியும் பார்க்கிறார். நானும் வடிவும் கதவிடுக்கில் பார்த்துச் சிரித்தோம்.

வோட்டு விலைபோகாத சரக்கு என்று நீங்கள் எழுதினீர்கள். தூசி என்று அவர் சொல்கிறார். தூசிக்கு இப்படி அடித்துக்கொள்ளும் ஆம்பிளைகளை நான் கண்டதில்லை.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். போன தடவை வந்தபோது நட்ட முருங்கை காய்த்து ஓய்ந்துவிட்டது.

பரிமளம்


பதுளை
ஆடி 30

மாப்பிள்ளை அவர்களுக்கு. சளி தேவலை. தூதுவளைப் பொடி நன்றாகக் கேட்டது.

உங்கள் முறைப்படியே வாருங்கள். நான் வந்துவிடுகிறேன். பரிமளம் எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்பது உங்களுக்கு வேண்டாம்.

முத்தையாவாக இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூன்று வருஷத்தில் துரு ஏறியிருக்கும். வீரய்யா கங்காணி வந்தால் அவர் கடிகாரத்தில் மணி கேட்காதீர்கள், சங்கடப்படுவார். ஹல்துமுல்லைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா மண்ணா" என்று தோளில் கை போடுவார். கையை எடுக்கும்போது வெற்றிலைப் பெட்டியும் கூடப் போகும், கவனம். பாரிஸ்டருக்கு வோட்டுப் போடுவதானால் கருவாட்டைத் தொட்ட கையாலேயே போடவும்.

என் மூட்டையைக் கட்டுகிறேன். வோட்டு வெறும் குப்பை. உங்களுக்கே இருக்கட்டும்.

வைரவநாதன்


நெடுவயல்
புரட்டாசி 12

மாப்பிள்ளை அவர்களுக்கு வைரவநாதன். சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் அங்கே குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே போகவேண்டாம். தங்கை சுகம். பிள்ளைகள் சுகம். பரிமளம் முதல் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் முதல் நிறுத்தவில்லை.

அரிசி மூட்டை வந்ததா? தீபாவளிக்குத் துணி போதுமா? கடைப் பூனை குட்டி போட்டதா?

முன்சீப் என்னைக் கண்டதும் "என்ன கொழும்பு, எப்ப வந்தே?" என்றார். ஏதோ ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனைக் கேட்கிற மாதிரி.

வேறொன்றும் எழுத இல்லை. மாதக் கடைசியில் அது முடிந்ததும், எப்படி நடந்தது என்று, நேரம் இருந்தால், ஒரு வரி.

வைரவநாதன்


பதுளை
ஐப்பசி 20

மச்சான் அவர்களுக்கு. சுகம். தங்கள் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் தீபாவளி வியாபாரம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். தாங்கள் நம்பமாட்டீர்கள்.

கச்சேரிக்குக் குளித்துத் திருநீறு பூசி, சரிகை அங்கவஸ்திரத்தோடு போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு துரை, பக்கத்தில் அதே குமாஸ்தா. "முத்தையா" என்றேன். கை நடுங்கவில்லை. உடனே எதிர்க்கட்சி ஏஜெண்டு எழுந்து, "பேரு குடுத்த முத்தையாவுக்கு வழுக்கைத் தலை. இவருக்கு முடி இருக்கு" என்று ஆட்சேபம் சொன்னான். என்னைத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று துரை கேட்டார்.

வீரய்யா கங்காணி முன்னால் வந்தார். நம் பக்கத்து ஆள், காப்பாற்றிவிடுவார் என்று நின்றேன்.

"நல்லாத் தெரியுங்க தொரை. இவரும் முத்தையாதாங்க."

"இவரும்னா?" என்றார் குமாஸ்தா.

"அவுரு ஊருக்குப் போனா இவுரு. இவுரு போனா அவுரு. எங்கப்பன் காலத்துலேருந்து இப்படித்தானுங்களே."

"அப்ப நெசமான முத்தையா யாரு?"

"அவுரு செத்துப் போயிட்டாருங்க. தங்கமான மனுசன்."

குமாஸ்தா இதை இங்கிலீஷில் சொன்னார். துரை நாற்காலி பின்னால் சாயும்படி சிரித்தார். சிரித்து முடித்து ஏதோ சொன்னார். செத்தவரே நேரில் வந்தால் சீட்டுக் கொடுக்கத் தடையில்லையாம். கச்சேரி முழுக்கச் சிரித்தது. வீரய்யா என் அங்கவஸ்திரத்தைத் தட்டிச் சரிபண்ணி, "நல்ல சாட்சியா சொன்னேனுங்களா?" என்று கேட்டார்.

வோட்டுச் சீட்டு வாங்காமலே வந்துவிட்டேன். மூன்று நாள் கல்லாவில் உட்காரவில்லை. கடைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, துரை சிரிப்போடு விட்டுவிட்டார்.

பாலசுப்பிரமணியம்


நெடுவயல்
கார்த்திகை 6

மாப்பிள்ளை, உங்கள் கடிதத்தைப் பரிமளத்துக்கும் தங்கைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். குறை நினைக்கவேண்டாம். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குக் குறை நினைக்கலாம். இங்கே எல்லாரும் சுகம், சிரித்து விலா வலிப்பதைத் தவிர.

கண்ணாடி முன்னால் பழகினதெல்லாம் வீணாகிவிட்டதே! வெற்றிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்கினீர்கள்? என் வழுக்கை இல்லாமல் முத்தையாவாகிவிடலாம் என்று நினைத்தீர்களே, அதற்குக் காலம் வேண்டாமா?

இங்கே தாலுகா போர்டு எலெக்‌ஷனுக்குப் புதிதாகப் பெயர் எழுதப் போகிறார்கள். தையில் தாலுகாவிலிருந்து குமாஸ்தாவே வருகிறாராம், முன்சீப்பை நம்பி விடவில்லை. ஊரில் இருக்கிறேன், நிலம் இருக்கிறது, கிஸ்தி கட்டுகிறேன். இங்கே நான் வைரவநாதன். செத்தவர் உதவி தேவையில்லை. மேஜை முன் நின்று எப்படிப் பெயர் சொல்வது என்று எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைக் கவனிக்கவும்.

மு. வைரவநாதன்


பதுளை
மாசி 17

மச்சான் அவர்களுக்கு. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

பாரிஸ்டர் ஜெயித்தார். நம் வோட்டு இல்லாமலே ஏகப்பட்ட வித்தியாசமாம். 'ஸ்ரீமான் முத்தையா அவர்களின் மேலான ஆதரவுக்கு நன்றி' என்று அச்சடித்த காகிதம் ஒன்று கடைக்கு வந்தது. மாமா படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறேன். நேற்று ரெங்கம்மா கம்பளி வாங்க வந்தவள் அதைப் பார்த்து, "தாத்தா வோட்டுப் போட்டுட்டாருங்களா?" என்றாள்.

தையும் போய் மாசியும் பாதியாயிற்று. தாங்கள் இடையில் எழுதிய இரண்டு கடிதத்திலும் பூனையை விசாரித்திருக்கிறீர்கள், மிளகாய் விலையை விசாரித்திருக்கிறீர்கள். பெயர் எழுதின விஷயம் ஒரு வரிகூட இல்லை. என்ன ஆயிற்று?

பாலசுப்பிரமணியம்


நெடுவயல்
பங்குனி 3

மாப்பிள்ளை அவர்களுக்கு. எல்லாரும் சுகமாக இருக்கிறோம். இதை வடிவுக்கு எழுதிவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் தெரியாது. பரிமளத்துக்குத் தெரியும்.

சாவடியில் மேஜை போட்டிருந்தார்கள். தாலுகா குமாஸ்தா புதுப் பையன், மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் முன்சீப், பாதி தூக்கம். நான் க்ஷவரம் செய்து, நீங்கள் வாங்கி அனுப்பின மல் சட்டை போட்டு, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தகப்பன் பெயர் கேட்டால் தலையைச் சொறிகிறான் ஒருவன், வயது கேட்டால் பெண்டாட்டியைக் கேட்க வீட்டுக்கு ஓடுகிறான் இன்னொருவன். இந்தக் கும்பலுக்கு ஒரு போர்டு, அதற்கு ஒரு எலெக்‌ஷன்.

என் முறை வந்தது. குமாஸ்தா தலை நிமிராமல், "பேரு?" என்றார்.

மேஜை, மை, தலை நிமிராத குமாஸ்தா. என் வாய்க்கு அது போதும். "முத்தையா" என்றது.

"தகப்பன் பேரு?"

"முத்தையா."

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். முன்சீப் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "முத்தையாவா? அவரு செத்துப்போயி வெகு காலம் ஆச்சே. மகன் கொழும்புல இருக்கான்." குமாஸ்தா எழுதியதை அடித்தார். நீளமாக, நிதானமாக, ஸ்கேல் வைத்து அடித்தார்.

"ஐயா, நான்தான் வைரவநாதன்!" என்று கத்தினேன்.

"இப்பதானே முத்தையான்னீங்க? ரெண்டுல எது நெசம்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தகப்பன் பெயர் தெரியாதவன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். முன்சீப் ஒரு கண்ணைத் திறந்து, "அட, கொழும்பு! நீ இங்கயா இருக்கே?" என்றார்.

மனுப் போட்டால் சேர்க்கலாமாம். மனுவில் முதல் கேள்வி பெயராம்.

வீட்டுக்கு வந்தேன். பரிமளம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பேரைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரோட பேரை?" என்றாள்.

குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளவும். பூனையை அடிக்காமல் வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்